தேன்பெட்டியில் உண்ணி: எண்ணிப் பார்த்து மருந்து வையுங்கள்

கேள்வி: எங்கள் இத்தாலியத் தேனீக்களில் சில இறக்கை சுருங்கி, பறக்க முடியாமல் பெட்டி முன் ஊர்கின்றன. மருந்து வைக்கலாமா?

பதில்: பெரும்பாலும் இது வரோவா உண்ணி பரப்பும் வைரஸின் வேலை. முதலில் எண்ணிப் பாருங்கள். ராணியைத் தேடி ஒதுக்கிவிட்டு, புழு அடையிலிருந்து அரை கப் தேனீக்களை (சுமார் 300) பாட்டிலில் தட்டி, கம்பிவலை மூடி போடவும். 2 மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை தூவி உருட்டி, 2 நிமிடம் நிழலில் வைத்து, வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்துக் குலுக்கவும். சர்க்கரையில் தண்ணீர் தெளித்தால் கடுகளவு செம்பழுப்பு உண்ணிகள் தெரியும். தேனீக்கள் சாகாது, பெட்டியிலேயே விட்டுவிடலாம். 9 உண்ணிக்கு மேல் இருந்தால் சிகிச்சை அவசியம். தேன் சேரும் பருவத்தில் ரசாயனம் கூடாது, தேனில் கலந்துவிடும். இந்தியத் தேனீயில் இந்த உண்ணி ஆண் தேனீ அறைகளில்தான் பெருகும். அந்தப் பெட்டிகளுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை.