யூதா குலத்துக் குரு

இருபது ஆண்டுகளாக எங்கள் பங்குக் கோயிலின் பீடத்துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கொடுப்பவள் நான். அந்தத் துணி விரித்த பீடத்தில் திருப்பலி நிறைவேற்ற மட்டும் எனக்குத் தகுதியில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “கிறிஸ்து ஆண் அம்மா. குரு அவருடைய சாயலாக நிற்பவர்” என்றார் பங்குத்தந்தை.

வீட்டுக்கு வந்து எபிரேயர் திருமுகத்தைப் படித்தேன். புதிய ஏற்பாட்டில் இயேசுவை நேரடியாகத் தலைமைக் குரு என்று அழைக்கும் ஒரே நூல் அதுதான்.

மோசேயின் சட்டப்படி குருவாக வேண்டுமென்றால் லேவி குலத்தில், ஆரோன் வழியில் பிறந்திருக்க வேண்டும். இயேசுவோ யூதா குலத்தவர். அந்தக் குலத்துக்குக் குருத்துவத்தில் பங்கில்லை என்பதை 7ஆம் அதிகாரம் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. எருசலேம் கோயிலில் பலி செலுத்த இயேசுவுக்கே உரிமை கிடையாது. பிறப்பு அவரையும் வெளியே நிறுத்தியது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஆசிரியர் இயேசுவுக்குப் பொய்யாக ஒரு வம்சாவளி தயாரிக்கவில்லை. தந்தை, தாய், தலைமுறை வரலாறு எதுவும் சொல்லப்படாத மெல்கிசெதேக்கைக் காட்டுகிறார். உடல்வழி மரபைப் பற்றிய சட்டத்தால் அல்ல, அழியாத வாழ்வின் வல்லமையால் கிறிஸ்து குருவானார் என்கிறார். அவர் சொல்லும் மற்றத் தகுதிகள்: நம்மைப் போலவே சோதிக்கப்பட்டது, கண்ணீரோடு கதறி மன்றாடியது, துன்பத்தின் வழியே கீழ்ப்படிதலைக் கற்றது. இவற்றில் எது ஆணுக்கு மட்டும் உரியது?

ஆனால் 1976-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, கிறிஸ்துவின் இடத்தில் நிற்பவருக்கு அவரோடு இயல்பான ஒப்புமை வேண்டும், ஆகவே ஆணாக இருக்க வேண்டும் என்றது. பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கதவைச் சாத்தினார். எபிரேயர் திருமுகம் தள்ளிவைத்த உடல் தகுதியை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பன்னிரு திருத்தூதர்களும் ஆண்கள்தானே என்பார்கள். பன்னிருவரும் யூதர்களும்கூட. யூதராகப் பிறந்திருக்க வேண்டும் என்று குருமட வாசலில் யாரும் கேட்பதில்லையே!

பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. பிறப்பை வைத்துக் கருவறை வாசலை அடைப்பது அநீதி என்று நம்மவர்களும் பேசுகிறோம். நம் பீடத்தருகே வந்ததும் அந்த வாய் ஏன் மூடிக்கொள்கிறது? பக்கத்திலேயே தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கிறது. 2013-இல் புஷ்பலலிதா அங்கே நந்தியால் பேராயரானார். அதனால் கிறிஸ்துவின் குருத்துவம் குறைந்துபோய்விட்டதா?

நான் சலுகை கேட்கவில்லை. கிறிஸ்துவின் இரத்தத்தால் தூயகத்துக்குள் துணிவோடு நுழையலாம் என்று அதே திருமுகத்தின் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. அதை எனக்கும் சொன்னதாகவே வாசிக்கிறேன். பிறப்பால் தகுதியற்றவர் என்று வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரைத் தலைமைக் குருவாக ஏற்றுக்கொண்ட சபை, அதே காரணத்தைச் சொல்லி என்னை வெளியே நிறுத்த முடியாது.