மாலைதீவுக்குப் போகும் ஆசிரியர்கள்: வீட்டுக் கணக்கும் வகுப்பறைக் கணக்கும்

கண்டி, அக்குறணை, மடவளை, கம்பளை என எமது பகுதிப் பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் சில வருடங்களாக ஒரு பெயர் அடிக்கடி காதில் விழுகிறது: மாலைதீவு. முன்பெல்லாம் வெளிநாடு என்றால் சவூதி, கட்டார், குவைத் என்றே பேசிக்கொள்வோம். இப்போது ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வணிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தத் தீவுகளைப் பற்றி விசாரிக்கிறார்கள். சிலர் போய்விட்டார்கள். போனவர்களைத் துரோகிகள் என்பதும் போகாதவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்பதும் இரண்டுமே அநியாயம். இதில் வீட்டுக்கு ஒரு கணக்கும் வகுப்பறைக்கு ஒரு கணக்கும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் போகிறார்கள்?

காரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. 2021 ஜூலையில் அதிபர், ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நிகழ்நிலைக் கற்பித்தலில் இருந்து விலகினார்கள். ஒக்டோபர் வரை நீடித்த அந்தப் போராட்டத்தின் பின் கிடைத்த சிறு உயர்வை அடுத்த வருடப் பொருளாதார நெருக்கடி விழுங்கியது. 2022 மார்ச்சுக்கு முன் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. மாதச் சம்பளத்தில் வாழ்பவர் வீட்டில் அதன் பொருள் என்ன என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2022 ஜூனில் அரசாங்கமே வாசலைத் திறந்தது. பொது நிருவாக அமைச்சின் 14/2022 ஆம் இலக்கச் சுற்றறிக்கை, அரச ஊழியர்கள் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பின்றிச் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு செல்ல வழிவகுத்தது. டொலரும் வர வேண்டும், சம்பளச் செலவும் குறைய வேண்டும் என்பது அரசின் கணக்கு. ஆகவே போனவர்களில் பலர் அரசு காட்டிய வழியிலேயே போனார்கள்.

மாலைதீவு ஏன் அழைக்கிறது?

2022 குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டில் வாழ்வோர் 5 இலட்சத்து 15 ஆயிரம் பேர் அளவில்தான். அவர்களில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். ஏறத்தாழ 1,190 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 190க்கும் குறைவு. சிறிய தீவிலும் ஒரு பாடசாலை நடத்த வேண்டும். இஸ்லாமும் திவெஹி மொழியும் தவிர ஏனைய பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம். பரீட்சை கேம்பிரிட்ஜ் முறை. உள்நாட்டு ஆசிரியர்கள் போதாததால் பல தசாப்தங்களாக இலங்கையரும் இந்தியரும் அந்த வகுப்பறைகளில் நிற்கிறார்கள்.

எமக்கு அது முற்றிலும் அந்நிய தேசமுமல்ல. வீட்டுச் சம்பலில் போடும் மாசி அங்கிருந்து வருவது; திவெஹியில் மீனுக்கு 'மஸ்' என்றுதான் பெயர். திவெஹி, சிங்களத்தின் நெருங்கிய உறவு மொழி. சிங்களத்தில் நான்கு 'ஹதர' என்றால் அங்கே 'ஹதரெ'. தமிழில் படித்து, சந்தையில் சிங்களம் பேசி வளர்ந்த கண்டிக்காரருக்கு அது பெரிய வசதி. எழுத்து மட்டும் தானா. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, பாங்குச் சத்தம், ஹலாலா என்று கேட்கத் தேவையற்ற கடைகள் என்பனவும் குடும்பத்தினருக்கு ஆறுதல் தருகின்றன.

அங்கே தொழிலுக்குப் போன வெளிநாட்டவரில் மிகப் புகழ்பெற்றவர் இப்னு பதூதா. 1343இல் அங்கு சென்று காழியாகப் பதவி ஏற்றார். உயர்குடும்பங்களில் மணம் முடித்தார். பின் வஸீருடன் முரண்பட்டு 1344இல் வெளியேறி, எமது நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறினார். காழியாக இருந்தாலும் வந்தவர் வந்தவரே, இருப்பதும் போவதும் வேலை தந்தவரின் கையில் என்பதை அவருடைய கதை சொல்கிறது.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

விளம்பரங்களில் காணும் நீலக் கடலும் உல்லாச விடுதியும் ஆசிரியரின் தினசரி வாழ்க்கையல்ல. வடக்கே ஹா அலிஃப் தொடக்கம் தெற்கே அட்டு வரை ஏறத்தாழ 870 கிலோமீற்றர் நீளத்துக்குத் தீவுகள் பரந்து கிடக்கின்றன. கட்டுநாயக்காவில் இருந்து மாலேக்கு ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து தனது தீவுக்குப் போக உள்நாட்டு விமானமும் படகும் தேவைப்படலாம். கடல் கொந்தளித்தால் காத்திருக்க வேண்டும். கண்டி கடல் மட்டத்தில் இருந்து 500 மீற்றர் அளவு உயரம். மாலைதீவின் ஆக உயர்ந்த இயற்கை நிலமே இரண்டரை மீற்றரைத் தாண்டாது. அங்கு ஆறில்லை, குளிர் இல்லை. குடிநீர் மழைத் தாங்கியில் இருந்தோ, கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரத்தில் இருந்தோ வர வேண்டும். 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் ஏற்பட்ட தீயால் மாலே நகரமே நீரின்றித் தவித்தது. மரக்கறியும் அரிசியும் கப்பலில் வருபவை, விலையும் அப்படியே. கடும் நோய் என்றால் சிறு தீவில் இருந்து மாலேக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டும்.

பணக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரூபியா 2011 முதல் ஒரு டொலருக்கு 15.42 என்ற எல்லையில் கட்டப்பட்டுள்ளது. ஆனால் வங்கியில் அந்த விலைக்கு எல்லோருக்கும் டொலர் கிடைப்பதில்லை; வெளிச்சந்தையில் விலை அதிகம். உதாரணமாக, 15,420 ரூபியா சம்பளம் தாளில் 1,000 டொலர். டொலரை 18 ரூபியாவுக்கு வாங்க நேர்ந்தால் அது ஏறத்தாழ 857 டொலராகிவிடும். வாடகையும் சாப்பாடும் கழித்தே மிச்சத்தைப் பார்க்க வேண்டும். 2024இல் அந்நாடே டொலர் தட்டுப்பாட்டில் சிக்கி, இந்தியாவிடம் 400 மில்லியன் டொலர் நாணய மாற்று உதவி பெற்றதையும் மறக்கலாகாது.

ஆகவே ஒப்பந்தத்தில் சம்பளம் எந்த நாணயத்தில், தங்குமிடம் யாருடைய செலவு, விடுமுறைப் பயணச்சீட்டு உண்டா, எந்தத் தீவு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் சுற்றுலா வீசாவில் ஏறக்கூடாது. முகவரின் அனுமதிப்பத்திரத்தைப் பணியகத்திலேயே சரிபார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, முகவர் சொன்ன வாய்வார்த்தையை நம்பிப் போய், சொன்ன தீவும் இல்லை, சொன்ன பாடமும் இல்லை என்ற நிலையில் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டு வந்தார். எழுத்தில் ஒன்றுமில்லாததால் கேட்க இடமிருக்கவில்லை.

பிள்ளைகளின் கணக்கு தனி. கூட்டிப் போனால் தமிழ் மொழிமூலம் இல்லை, எமது பாடத்திட்டமும் இல்லை. எட்டாம் தரத்தில் போன பிள்ளை திரும்பி வந்து இங்கே சாதாரண தரம் எழுதுவது கடினம். விட்டுப் போனால் உம்மம்மாவின் கையில் வளர வேண்டும். பெண் ஆசிரியைகள் தனியே பயணிப்பதில் மஹ்ரம் பற்றிய கேள்வியும் எழும். அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஓர் ஆசிரியராக எனக்குத் தெரிவது இதுதான்: தாயோ தந்தையோ போன வருடத்தில் பிள்ளையின் கொப்பியில் அது தெரியும்.

காலியான கதிரை

இனி வகுப்பறைக் கணக்கு. அங்கே கேட்கப்படுவது ஆங்கிலத்தில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கக் கூடியவர்களை. எமது தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஏற்கெனவே அரிதானவர்களும் அவர்களே. சம்பளமற்ற விடுமுறையில் போனவர் சேவையை விட்டவரல்லர். அவர் பெயர் பதிவில் இருக்கும், கதிரைதான் காலி. பெரிய நகரப் பாடசாலை எப்படியோ சமாளிக்கும். மலையடிவாரச் சிறு பாடசாலையில் ஒரே கணித ஆசிரியர் போனால், அந்த வருடப் பிள்ளைகளுக்கு உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளின் கதவு மூடிவிடும். வசதியுள்ள பிள்ளை கண்டி நகரில் தனியார் வகுப்புக்குப் போகும். கூலித் தொழிலாளியின் பிள்ளை எங்கே போகும்?

கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கி, பாடசாலை வேண்டும், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வாதாடினார். கட்டடமில்லாத காலம் அது. இன்று கட்டடங்கள் உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் இன்னும் மண்டபமும் வாயிற்கோபுரமும் கட்டப் பணம் திரட்டுகின்றன. அதில் ஒரு பங்கை ஆசிரியருக்குச் செலவிடலாமே!

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. முதலாவது, ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர்களும் தமது பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆளில்லை என்று பட்டியலிட்டு, வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது, அதுவரை அதிபரின் அனுமதியுடன் பட்டதாரி ஒருவருக்கு மாதக் கொடுப்பனவு வழங்கலாம். மூன்றாவது, போகிறவர் ஒரு தவணைக்கு முன்பே அறிவித்து, பாடக் குறிப்புகளை ஒப்படைத்துப் போகலாம். அங்கிருந்தபடி வாரம் ஒரு மணி நேரம் சூம் வழியாகச் சாதாரண தர மாணவருக்குக் கற்பித்தாலும் அது பெரிய உதவி. நான்காவது, திரும்பி வருபவரின் ஆங்கில மொழிமூல அனுபவத்தைப் பாடசாலை பயன்படுத்த வேண்டும். திரும்பி வந்தவரை 'காசு பார்த்து வந்தவர்' என்று ஒதுக்கினால் அவர் மீண்டும் விண்ணப்பப் படிவம் நிரப்புவார்.

அரசின் பங்கை மறக்கவில்லை. வாழக்கூடிய சம்பளம் கிடைத்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். ஆனால் அரசு தீர்க்கும் வரை ஒன்பதாம் தரப் பிள்ளை ஒன்பதாம் தரத்திலேயே காத்திருக்காது. உங்கள் ஊர்ப் பாடசாலையில் இன்று எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? அடுத்த ஜும்ஆவுக்கு முன் அதை அதிபரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.