கேட்ட பின்னர் அஞ்சுவோம்

வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை தோலையும் காலணியையும் நம்பி வாழும் ஊர்கள் நம்முடையவை. நம் மாணவர்களுள் பலருடைய தந்தையோ தாயோ தோல் ஷாப்பிலோ காலணித் தொழிற்சாலையிலோ உழைப்பவர். ஆகவே, உழைப்பு என்றால் என்ன, அதனுள் இருக்கும் ஆபத்து எத்தகையது என்பதை நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும், அத்தொழிற்சாலையின் வாயிலில் மாற்றுத்திறனாளி ஒருவர் வேலை கேட்டு வந்து நிற்கும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், செவித்திறன் அற்ற மாணவர் ஒருவர் பட்டப்படிப்பை முடித்ததும் காலணித் தொழிற்சாலை ஒன்றின் தையல் பிரிவில் சேர விரும்பி, என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தார். ஓசை கேளாதவர் எந்திரத்தின் முன் அமர்வதா என்று என் மனம் பதறியது. எந்திரம் இல்லாத இடத்தில் எளிய பணி ஏதேனும் தருமாறு எழுதிக் கொடுத்தேன். கிடங்கில் ஒரு நாற்காலி தந்தார்கள். அதில் அமர்ந்து அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவர், சில மாதங்களிலேயே வேலையை விட்டு நின்றுவிட்டார். பின்னொரு நாள் கடைத்தெருவில் கண்டபோது ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "ஐயா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." பள்ளிப் பருவம் முதல் தாயாரின் தையல் எந்திரத்தில் பழகியவர் அவர் என்பதையும், எந்திரத்தின் பழுதை அதன் அதிர்வைக் கொண்டே விரல்களால் உணர்ந்துகொள்வார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அவரைக் காப்பதாக எண்ணி, அவர் கற்ற கைத்தொழிலையே அவரிடமிருந்து பறித்திருந்தேன்.

ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், பொறி இல்லாமை எவருக்கும் பழியன்று, முயற்சி இல்லாமையே பழி என்கிறார். அங்கே 'பொறி' என்பதற்கு ஊழ் என்று பொருள் கொள்வோரும் உளர். உடல் உறுப்பு என்று பொருள் கொள்வோரும் உளர். வகுப்பில் இக்குறளைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனால், முயல வந்தவரைப் பாசத்தின் பெயரால் தடுத்துவிட்டால் அந்தப் பழி யாரைச் சேரும் என்ற வினா, மேற்சொன்ன நிகழ்ச்சிக்குப் பின்னரே எனக்குத் தோன்றியது.

இவ்வினாவுக்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் கால்கள் செயலிழந்தார். இனி இவரால் ஆவது என்ன என்று இரங்கி ஒதுக்கியிருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். அங்கே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்துவந்த டாக்டர் பால் பிராண்டு, அவ்வகை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று கண்டு அவரை ஊக்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அவர் அறுவை மருத்துவரானார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானதற்கு அவரே காரணர். 1972-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

அதே வேலூரில், நோய் நீங்கிய தொழுநோயாளருக்குத் தச்சு முதலிய தொழில்களும் கற்பிக்கப்பட்டன. அவர்தம் கைகளில் உணர்ச்சி இல்லை. உளி பட்டாலும் வலி தெரியாது. ஆகவே புதிய புண்கள் தோன்றின. இவர்களுக்கு உளியே ஆகாது என்று பட்டறையைப் பூட்டியிருக்கலாம். பிராண்டும் அவருடைய குழுவினரும் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொரு புண்ணும் எதனால் வந்தது என்று அந்த இளைஞர்களோடு சேர்ந்தே தேடினார்கள்; கருவிகளின் கைப்பிடிகளை மாற்றினார்கள்; நாள்தோறும் கைகளைத் தாமே பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். ஆபத்தை மறைக்கவும் இல்லை. அதைக் காட்டி வேலையை மறுக்கவும் இல்லை.

இதே கருத்தை 1972-இல் அமெரிக்கரான இராபர்ட் பெர்ஸ்கி, ஆபத்தை ஏற்பதிலும் ஒரு மாண்பு உண்டு என்று எழுதினார். நம் மரபுக்கும் இது புதிதன்று. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பை ஏற்றிருந்தார். வைகறை புலர்ந்துவிட்டது என்று பிறர் சொல்லக் கேட்டபின் அவர் பாங்கு சொல்வார். பார்வை இல்லை என்று பணி மறுக்கப்படவில்லை. பணிக்குத் தேவையான ஒரு சொல் துணையாக அளிக்கப்பட்டது. அவ்வளவே.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. அரசுப் பணிகளில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 4 விழுக்காடாக உயர்த்தியது. தனியார் நிறுவனப் பணியாளருள் 5 விழுக்காட்டினரேனும் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் வண்ணம் ஊக்கமளிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனால், "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்கும் நாவைச் சட்டம் நமக்குத் தந்துவிடாது.

ஆபத்து மெய்யானதல்லவா என்று பெற்றோர் கேட்பர். மெய்யானதே. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர் மாண்டதை நாம் மறக்கவில்லை. பாதுகாப்பற்ற இடம் எவருக்கும் ஆகாது என்பதே அத்துயரம் தரும் பாடம். எல்லோருக்கும் செய்யத்தக்க காவலைச் செய்யாமல், மாற்றுத்திறனாளியை மட்டும் வெளியே நிறுத்துவது காவலாகாது.

விருப்பத்துக்கும் எல்லை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தோல் வெட்டும் எந்திரங்கள் பல, இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி இயங்கா. கை நசுங்காதிருக்கவே அந்த ஏற்பாடு. ஒரு கை இழந்தவர் விரும்புகிறார் என்பதற்காக அக்காவலைக் கழற்றிவிடுவது அன்பன்று, அலட்சியம். அவரோடு அமர்ந்து, அவர் கை தேரும் வேறு பணியைத் தேடுவதே முறை. சொல்வதை உணர்ந்துகொள்ள நேரம் தேவைப்படுபவருக்குச் சில நாள்கள் வேலையைச் செய்து பார்க்க இடம் கொடுத்தால், தம் விருப்பத்தை அவரே காட்டிவிடுவார்.

ஆகவே நான் வேண்டுவது ஒரு வரிசைமுறை. முதலில் அவரைக் கேட்போம். அடுத்து, ஆபத்து இன்னதென்று ஒளிவின்றி எடுத்துரைப்போம். பின்னர் அதைக் குறைக்க வழி செய்வோம்: மணியோசைக்கு மாற்றாக ஒளிரும் விளக்கு, கால் வலுவற்றவருக்குக் கீழ்த்தளத்தில் இடம், உயரம் மாற்றத்தக்க மேசை. எஞ்சும் ஆபத்து பிறரைத் தாக்காததாயின், அதை ஏற்பதா மறுப்பதா என்னும் முடிவை அவரிடமே விட்டுவிடுவோம். நம் அச்சம் இவ்வரிசையின் முதலில் நின்றால் அது பூட்டு. கேட்டபின் வந்தால் அதுவே காவல்.

தொழில் நடத்தும் பெரியோர்களும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அந்த மாணவர் இப்போது வேறோர் இடத்தில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறார். அவ்விடத்தை அவரே தேடிக்கொண்டார்; என் கடிதம் அதற்குத் தேவைப்படவில்லை. மீண்டும் ஒருவர் கடிதம் கேட்டு வந்தால், எழுதுகோலை எடுக்குமுன் அவரிடம் கேட்பேன்.