வெளுத்த படமும் கறுத்த முகமும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

வாய்ப்புத் தேடும் நடிகனுக்கு முதலில் வேண்டியது எது? குரல் என்பார் சிலர். உடற்கட்டு என்பார் சிலர். நான் கண்டவரையில் அவனுக்கு முதலில் வேண்டியது ஒரு புகைப்படம். அதுவும் அவன் முகத்தைப் போலவே இருக்கும் புகைப்படம். 'இதென்ன புதுமை, புகைப்படம் முகத்தைப் போலத்தானே இருக்கும்?' என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைப்பவர்கள் தங்கள் அக்காவின் திருமண ஆல்பத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ரோலிங் மில் ஒன்றில் காண்டிராக்ட் தொழிலாளி. பழுக்கக் காய்ந்த இரும்பின் முன்னால் ஒரு ஷிப்டு முழுதும் நிற்பவர். ஓய்வு நாளில் வீதி நாடகம். திருவிழாக் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் ஏதேனும் ஒரு வேடம். எந்தக் குழுவையும் சாராதவர். நல்ல நடிகர். நட்புக்காகச் சொல்லவில்லை. துச்சாதனனாக அவர் வந்து நின்றபோது என் பாட்டி எழுந்து மண்ணை வாரித் தூற்றியதைக் கண்ணால் கண்டவன் நான்.

சென்ற ஆண்டு அவர் என்னிடம் வந்து, "தம்பி, சினிமா கம்பெனியில குடுக்கணும். நாலு போட்டோ எடுத்துக் குடுடா" என்றார். நான் முகூர்த்த நாள்களில் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்கு உதவியாளனாகப் போகிறேன். என் ரயில் சீசன் டிக்கெட் அதில்தான் ஓடுகிறது. அங்கே நான் கற்ற முதல் பாடம் விளக்கை எங்கே வைப்பது என்பதன்று. கம்ப்யூட்டரில் முகத்தை எப்படி வெளுக்க வைப்பது என்பது. கற்ற வித்தையை அண்ணனிடம் காட்டினேன். இரவு ஷிப்டு முடித்துச் சிவந்த கண்களோடு வந்தவரை வெள்ளைத் திரைக்கு முன் உட்கார வைத்து எடுத்தேன். பிறகு நிறத்தை ஏற்றினேன். தாடையிலிருந்த தீக்காயத் தழும்பை அழித்தேன். கன்னத்துப் பள்ளங்களை நிரவினேன். மைதா மாவில் பிடித்த பொம்மை போல வந்தது. அழகாக இருப்பதாகவே அன்று நினைத்தேன்.

அண்ணன் அதை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் பிரிண்டு போட்டு, ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு மின்சார ரயில் ஏறினார். சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். அங்கிருந்து பேருந்தில் சாலிகிராமம். ஓர் அலுவலகத்தில் உதவி இயக்குநர் ஒருவர் படத்தைப் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "போட்டோல இருக்கறவரை வரச் சொல்லுங்க" என்றார். கேலிக்காகச் சொல்லவில்லை; யாருக்காகவோ படம் கொண்டுவந்த ஆள் என்று உண்மையாகவே நினைத்துவிட்டார். அண்ணன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

நடிகனின் படம் பெண் பார்க்க அனுப்பும் படமன்று. அரிசிக் கடையில் மூட்டையின் வாயைத் திறந்து வைக்கிறார்களே, அதுபோன்றது. மேலே இருப்பதுதான் அடியிலும் இருக்க வேண்டும். நடிகரைத் தேர்வு செய்பவர் ஒரு லாரி ஓட்டுநரையோ காவலரையோ மனத்தில் வைத்துக்கொண்டு படங்களைப் புரட்டுகிறார். நான் அழித்த அந்தத் தழும்பைத்தான் அவர் தேடினாரோ, யார் கண்டது? ரயில்வேயில் எழுத்தராக இருந்த நாகேஷின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன. அந்த முகம்தான் 1964இல் 'சர்வர் சுந்தரம்' ஆயிற்று. பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்தவர் 1975இல் 'அபூர்வ ராகங்க'ளில் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவர் நிறத்தை யாரும் மறைக்கவில்லை.

"சினிமாவே வெள்ளைத் தோலைத்தானே தேடுகிறது?" என்று ஸ்டூடியோ நண்பர் ஒருவர் வாதிட்டார். கதாநாயகி விஷயத்தில் அதை மறுக்க என்னால் முடியவில்லை. ஆனால் படத்தில் வெளுத்தவர் நேரில் வெளுக்கப் போவதில்லையே! வாசல்வரை போய் அவமானப்படுவதுதான் மிச்சம்.

குற்றம் முழுவதையும் ஸ்டூடியோக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமன்று. கருவியிலேயே ஓரவஞ்சனை இருந்திருக்கிறது. வண்ணப் படச்சுருள் பரவிய நாளில், கோடாக் நிறுவனம் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரியாக அனுப்பிவந்தது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி! சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகே படச்சுருளில் திருத்தம் வந்ததாக ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கறுப்பு மனிதர்கள் நாற்காலிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைத் திரைக்கு முன் கறுத்த முகத்தை வைத்தால், திரையின் வெளிச்சத்தைக் கண்டு படத்தையே இருளாக்கிவிடும். பிறகு அந்த இருட்டைப் போக்குவதாக நாம் சுண்ணாம்பு அடிக்கிறோம். திரையை மாற்றினால் போயிற்று! இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று.

இரண்டாம் முறை, வாரவிடுப்பு நாளில், நன்றாகத் தூங்கி எழுந்தவரை எடுத்தேன். காலை ஏழரை மணி. அவர் வீட்டு வடக்குத் திண்ணையின் நிழல். பின்னால் மங்கிய நீலச் சுவர். ஒரு பக்கம் தன் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் தம்பி நின்றான். அதில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்துவிடும் என்பதால் ஏழெட்டு அடி தள்ளி நின்று 85 மில்லிமீட்டர் லென்சில் எடுத்தேன். நேர்முகம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிரிப்பு ஒன்று, முழு உருவம் ஒன்று. கறுத்த தோலில் வெளிச்சம் விழும்போது கன்ன எலும்பின் மேல் ஒரு மினுமினுப்பு வருகிறது; வெளுக்க வைத்தால் முதலில் செத்துப்போவது அதுதான். தழும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

கூத்தில் அரிதாரம் பூசுகிறார்களே என்று கேட்கலாம். அது பாத்திரத்துக்குப் பூசுவது. விடிந்ததும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு மனிதன் தன் முகத்தோடு வீட்டுக்குப் போகிறான்.

மலர்க் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். இம்மலரின் கடைசிப் பக்கங்களில் வரும் வகுப்புக் குழுப் படங்களையாவது வெளுக்காமல் அச்சிடுங்கள். நாற்பது பேரும் ஒரே நிறத்தில் நின்றால் பிற்காலத்தில் எங்களை எங்களாலேயே தேட முடியாது.

ஸ்டூடியோவில் இப்போது மணப்பெண்ணைக் கேட்ட பிறகே நிறத்தில் கை வைக்கிறேன். பெரும்பாலோர் வெளுக்கவே சொல்கிறார்கள்; செய்கிறேன். அண்ணனைப் புதிய படங்களைப் பார்த்து இரண்டு இடங்களில் அழைத்துப் பேசினார்கள். வேடம் இன்னும் கிடைக்கவில்லை. வரும் வியாழக்கிழமை வடபழனியில் மூன்றாவது இடம். அன்றைக்கு ஷிப்டு மாற்றித் தருமாறு மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார்.