இழப்பீடும் இரந்து பெறுவதா?

கோவலனைக் கொன்றது கொடுங்குற்றமென உணர்ந்த அந்நொடியிலேயே பாண்டியன் அரியணையில் வீழ்ந்து உயிர்துறந்தான். இன்றைய அரசுகளோ அமர்ந்தபடியே சாக்குச் சொல்கின்றன.

பீகாரில், மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பெற்ற ஒருவரை முசாபர்ப்பூர் முறைமன்றம் 1968 சூன் 3-இல் விடுவித்தது. சிறைக்கதவு திறந்ததோ 1982 அக்டோபர் 16-இல்! ஏன் அடைத்து வைத்தீர் என்றால், 'அவர் பித்தர்' என்றது மாநில அரசு. அவர் நலமாயுள்ளார் என்று அரசு மருத்துவரே 1977-இல் எழுதிக் கொடுத்த பின்னும் ஐந்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தாரே, அப்பொழுது பித்துப் பிடித்திருந்தது யாருக்கு?

1983-இல் உச்ச முறைமன்றம், முன்னர்க் கொடுத்த 5,000 உருபாவோடு மேலும் 30,000 தரச் சொன்னது. கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏழு உருபாவும் தேறாது!

1979-இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துநாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தபொழுதே, முறையற்ற சிறைவைப்புக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இங்கில்லையென இந்திய அரசு விலக்கு எழுதிக்கொண்டது. தனிச்சட்டம் வேண்டுமெனச் சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆம் அறிக்கையில் கூறியது. 2024-இல் நடப்புக்கு வந்த குற்றவழக்கு நடைமுறைச் சட்டமோ (அதன் பெயரே தமிழன் நாவில் நுழையாத வடமொழி!) போதிய அடிப்படையின்றித் தளைப்படுத்தப்பட்டவர்க்கு ஆயிரம் உருபாவுக்கு மேல் இல்லை என்கிறது. அதையும் தரவேண்டியது அரசன்று; காவலரை ஏவிவிட்டவன். கருவூலத்திலிருந்து ஒரு காசும் நகராது!