கம்பெனி கைமாறினால்... பாடம் யாருக்கு?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மீஞ்சூரைத் தாண்டினால் அனுப்பம்பட்டு. இந்தப் பக்கத்து மக்களுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகம் பழகிய பெயர். எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய துறைமுகம் அது. 2015-ல் அதை நடத்தும் பொறுப்பு அதானி குழுமத்துக்குப் போனது. 2018 ஜூனில், அந்தத் துறைமுக நிறுவனத்தின் 97 சதவிகிதப் பங்குகளை சுமார் 1,950 கோடி ரூபாய்க்கு அதானி போர்ட்ஸ் வாங்கி முடித்தது.

இப்படி ஒரு நிறுவனம் கைமாறும்போது விலை செய்தியாகும். அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. எந்தத் தொழிலாக இருந்தாலும், வாங்கிய நிறுவனத்திலிருந்து சிலர் லேப்டாப் பையோடு வந்து இறங்குவார்கள். ‘இனி பில் இப்படிப் போடணும், லீவுக்கு இந்த ஆப்பில் எழுதணும்’ என்று பயிற்சி நடக்கும். உட்கார்ந்து கேட்பவர்கள் மனதில் ஓடுவதோ வேறு கேள்வி: ‘நம்ம வேலை இருக்குமா?’

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதவரை, மற்ற பாடம் எதுவும் மண்டையில் ஏறாது.

வாங்கியவருக்கு எல்லாம் தெரியுமா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி தொடங்கியது 1907-ல். அதனுடன் 2020 ஏப்ரல் 1 அன்று இணைக்கப்பட்ட அலகாபாத் வங்கி தொடங்கியதோ 1865-ல். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த வங்கிக்குத்தான் கிளைகளும் அதிகம். உத்தரப்பிரதேசத்து, வங்காளத்து வாடிக்கையாளர்களைப் பற்றி அதன் ஊழியர்களுக்குத் தெரிந்தது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இணைப்பு நடந்தபோது நாடு ஊரடங்கில் இருந்தது. நினைத்தவுடன் ரயிலோ விமானமோ ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. இரு வங்கிகளின் கணினி அமைப்புகளும் முழுமையாக ஒன்றாக 2021 பிப்ரவரி ஆனது. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். வேலை செய்யும் முறை மாற மாதங்கள் பிடிக்கும்.

பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கு...

பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எவ்வளவு விலை உயர்ந்த வலையோடு வந்தாலும், பாடு தெரியாமல் ஏரியில் இறங்க முடியாது.

ஒவ்வொரு அலுவலகத்திலும் இப்படி எழுதிவைக்காத பாடு ஒன்று இருக்கும். எந்த வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினால் பலனில்லை, போன்தான் செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் எந்த வழியில் லாரி வராது... இதெல்லாம் பழைய ஊழியர்களுக்குத்தான் தெரியும். அதனால் முதல் நாள் ப்ரொஜெக்டரை அணைத்துவைத்துவிட்டு, அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

* வேலை, சம்பளம், பதவி பற்றி நிர்வாகம் என்ன முடிவு எடுத்திருக்கிறது என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாததற்கு வாக்குறுதி கொடுக்காதீர்கள்.
* மேனேஜர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். நைட் ஷிஃப்ட்காரர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும்தான் பல இடங்களில் புதிய முறையைக் கையாளப்போகிறவர்கள்.
* உள்ளூர் ஊழியர்களில் இருவரையாவது முழுமையாகத் தயார் செய்யுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு சந்தேகம் வந்தால், அவர்கள்தான் பக்கத்தில் இருப்பார்கள்.
* டிக்கெட், தங்குமிடம், தினப்படி யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பயிற்சியில் உட்காருகிறவர்களுக்கு...

பயிற்சி நாளில் வருகைப் பதிவேட்டோடு வேறு காகிதங்களும் கையெழுத்துக்கு வரலாம். அதில் புதிய பணி நியமனக் கடிதம் இருந்தால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. முதலில் பார்க்கவேண்டியது, வேலையில் சேர்ந்த தேதி.

காரணம் இருக்கிறது. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர் பணி இருந்தால்தான் கிராஜுவிட்டி. பழைய நிர்வாகத்தில் 4 ஆண்டு, புதிய நிர்வாகத்தில் 1 ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பணித்தொடர்ச்சி இருந்தால் அந்தப் பணம் கிடைக்கும். கடிதத்தில் புதிய தேதி விழுந்தால் அதற்காகப் போராட வேண்டிவரும்.

பங்குகள் மட்டும் கைமாறினால், நிறுவனம் அதேதான், பணியும் தொடரும். தொழிலே வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டால், பணித்தொடர்ச்சியும் பழைய நிபந்தனைகளும் குறையாமல் தொடர வேண்டும். இல்லாவிட்டால், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு நோட்டீஸும் இழப்பீடும் உண்டு. 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, புதிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது.

பழைய நியமனக் கடிதம், சம்பள ரசீதுகள், பி.எஃப் யுஏஎன் எண் மூன்றையும் இன்றே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கைமாறும் செய்தி வந்த பிறகு தேடினால், பழைய ஹெச்.ஆர். அங்கே இருக்கமாட்டார்.