‘சாரி’ என்னும் போலிப் பணிவு

பேருந்தில் பிறர் காலை மிதித்தவனும் ‘சாரி’ என்கின்றான். கைம்மாற்றுக் கேட்டு வந்தவனை வெறுங்கையனாய்த் திருப்புகின்றவனும் ‘சாரி’ என்கின்றான். சொன்னது செவியில் விழாதவன், மறுமுறை சொல்லுமாறு கேட்டற்கும் ‘சாரி’யே. தந்தையை இழந்து நிற்பவன்முன் போய் நின்றுகொண்டும் ‘சாரி’ என்றே சொல்கின்றான், படித்த தமிழன். மிதிப்புக்கும் மறுப்புக்கும் செவிக்குறைக்கும் சாவுக்கும் ஒரே சொல்! எறும்புகள் சாரி சாரியாகச் செல்லும் என்பதே நம் முன்னோர் அறிந்த சாரி. இன்று சாரி சாரியாகச் செல்வன நம் வாயினின்று புறப்படும் ஆங்கிலச் சாரிகளே!

இச்சொல்லின் வேரைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் ‘சார்’ என்பது புண்ணையும் நோவையும் குறித்த பெயர். அதன் அடியாகப் பிறந்து, ‘நோவுற்ற’ என்று பொருள்தந்த சொல்லே இன்றைய ‘சாரி’. துயரைக் குறிக்கும் ‘சாரோ’ என்னும் ஆங்கிலச் சொல் ஒலியால் இதனை நெருங்கி நிற்பினும், வேறு வேரிற் பிறந்தது. எனவே, ‘சாரி’ என்பவன் உண்மையில் சொல்வது, ‘எனக்கு நோகின்றது’ என்பதே. மிதித்தவன் தனக்கு நோகின்றது என்கின்றான். மிதிபட்டவன் நோவு எங்கே போயிற்று?

ஆங்கிலத்தைப் பழித்தற்கு இதனைக் கூறவில்லை. ஆங்கிலேயர்க்கு அது தாய்மொழிச் சொல். எவ்விடத்தில் அஃது இரக்கம், எவ்விடத்தில் குற்றவொப்புதல் என்பதை அவர் குரலாலும் குறிப்பாலும் உணர்வர். ஆயினும், அவ்விரட்டைப் பொருளுக்குள் ஒளிந்துகொள்ளவும் அவருள் வல்லார் அறிவர். கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாநிலம் 2006-ஆம் ஆண்டு இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றிற்று. ஒருவர் ‘சாரி’ என்று சொல்வது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. முறைமன்றத்தில் அதனை அவர்க்கு எதிரான சான்றாகக் காட்டவும் இயலாது என்பதே அச்சட்டத்தின் சாரம். அதே ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பெற்ற இழப்பீட்டுச் சட்டமும், வருத்தம் கூறல் மட்டுமே கடமை தவறியதை ஒப்புக்கொண்டதாகாது என்று வரையறுத்தது. சொல்லலாம், ஆனால் சொன்னதற்குப் பொறுப்பேற்க வேண்டா!

ஆத்திரேலியாவைப் பாருங்கள். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, அந்நிலத்தின் முதற்குடி மக்களுடைய குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்தெடுத்தனர். பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான குழந்தைகள் அவ்வாறு பறிக்கப்பட்டன என்று 1997-இல் வெளிவந்த அரசு உசாவல் அறிக்கை உரைத்தது. அந்நாட்டுத் தலைமையமைச்சர் சான் ஓவார்டு 1999-இல் நாடாளுமன்றத்தில் ‘ஆழ்ந்த வருத்தம்’ தெரிவித்தார். ‘சாரி’ என்று மட்டும் சொல்ல மறுத்தார். அடுத்து வந்த கெவின் இரட்டு, 2008 பிப்பிரவரி 13-ஆம் நாள் அச்சொல்லை நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆனால் இழப்பீடு இல்லை என்றார். பொறுப்பு வருமோ என்று அஞ்சியபோது சொல் வரவில்லை. சொல் வந்தபோது ஈடு வரவில்லை.

1919 ஏப்பிரல் 13-ஆம் நாள் அமிர்தசரசில், சாலியன்வாலாபாக்குத் திடலில் கூடியிருந்த மக்களை வெள்ளையர் படை சுட்டுக் கொன்றது. மாண்டவர் 379 பேர் என்பது ஆள்வோர் தாமே சொன்ன கணக்கு. நூறாண்டு கழித்து, 2019-இல், பிரித்தானியத் தலைமையமைச்சர் தெரேசா மே அதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், பொறுத்தருளுமாறு வேண்டவில்லை. நாம் காலையில் பல்துலக்கியது முதல் கணக்கின்றி இறைக்கும் சொல்லை, நமக்கு அதனைக் கற்பித்தவர் தமக்குரிய இடத்தில் எத்துணைச் சிக்கனமாகச் செலவிடுகின்றனர், பார்த்தீர்களா?

தமிழில் இவ்வொளிவிடம் இல்லை. ‘வருந்துகிறேன்’ என்பது வேறு. ‘பொறுத்தருள்க’ என்பது வேறு. முன்னது என் நெஞ்சைப் பற்றியது. பின்னதோ, ‘பிழை என்னுடையது, பொறுப்பதும் பொறாததும் உம்முடைய உரிமை’ என்று தீங்குற்றவன் கையில் தீர்ப்பை ஒப்படைப்பது. வள்ளுவப் பேராசான், தீங்குற்றவனுக்குப் பொறையுடைமை என்றும், பழிக்கு அஞ்ச வேண்டியவனுக்கு நாணுடைமை என்றும் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். நாணம் இல்லாத இடத்தில் பொறையை எதிர்பார்ப்பது அறமாகாது. கண்ணகிமுன் நின்ற பாண்டியன் நெடுஞ்செழியன், தனக்கு நோவதாகச் சொல்லித் தப்பவில்லை. வழுவியது தன் கோலே என்று உணர்ந்து, தன்னையே குற்றவாளியாகக் கூறி, அரியணையிலேயே உயிர் நீத்தான் என்கின்றது சிலம்பு.

பிறர்மேல் கால் பட்டுவிட்டால், அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் மக்கள் வழக்கம். ‘அறியாமல் பட்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பது எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அறிந்த பண்பாடு. அக்கையும் அச்சொல்லும் தீங்குற்றவனை நோக்கிச் செல்கின்றன. ‘சாரி’ என்பவன் பெரும்பாலும் திரும்பியும் பார்ப்பதில்லை.

‘ஒரே சொல்லில் விரைந்து முடிகின்றதே’ என்பார் உளர். உண்மைதான். விரைந்து முடித்துக்கொள்ளத்தானே அதனைச் சொல்கின்றீர்கள்? ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல ஒருமுறை நின்று, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் பண்பு இருக்கின்றது.

தமிழ்ப் பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! பிழை செய்த பிள்ளையை ‘சாரி சொல்’ என்று அதட்டாதீர்கள். என்ன பிழை, யாருக்குச் செய்தாய் என்று கேளுங்கள். பொறுத்தருள வேண்டச் செய்யுங்கள். இல்லாததற்கு ‘இல்லை’ என்போம். கேளாததற்கு ‘என்ன சொன்னீர்கள்?’ என்போம். சாவுற்ற வீட்டில் ‘உங்கள் துயரில் பங்குகொள்கிறோம்’ என்போம்; அதுவும் இயலாவிடில் உடன் அமர்ந்திருப்போம். பிழை செய்த இடத்தில் மட்டும், பிழையை ஒப்பி, ‘பொறுத்தருள்க’ என்போம். சொல்லைக் கடன் வாங்கலாம். நாணத்தைக் கடன் வாங்க முடியாது!